எதிரில் யாரும் வராத ரோடு

அன்று என் மெக்கானிக் ஷெட்டில் இருந்தவர்கள். மச்சான், டிரைவர் சீட்டில். லாத்தா, அதாவது என் மூத்த அக்கா, அவருடைய மனைவி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு துணிப்பை. அவர்கள் மகளைக் கட்டிய மருமகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, சுவரில் சாய்ந்து போனில் படித்தபடி. நான், காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தபடி. நாலு பேர்.

மச்சானின் வலது கால் செருப்பும் இருந்தது. அது அவர் காலில் இல்லை. பிரேக் பெடலுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. நான் எழுந்து போய் அதைப் பார்க்க அரை மணி நேரம் ஆனது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி இந்த ஷெட்டுக்குள் வந்து போய்விட்டது. அந்தச் செருப்பு மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மச்சான் சவூதியில் இருபத்திமூன்று வருஷம் தண்ணீர் டேங்கர் ஓட்டினார். தொண்டியில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அந்தப் பக்கம்தான். அத்தாவின் அத்தா, எங்கள் பாட்டன் காலத்தில் தோணியில் போனார்கள், இப்போது விமானத்தில் போகிறார்கள். நான் மட்டும் போகவில்லை. ஏழாவதோடு படிப்பை விட்டு ஸ்பேனர் பிடித்தவன், அதையே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். மச்சான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் வீட்டில் இருப்பதைவிட ஷெட்டில் இருப்பது அதிகம். அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். ஒரு இன்ஜினை இறக்கி ஏற்றும் நேரத்தில் நாங்கள் பேசியதைச் சேர்த்தால் பத்து வார்த்தை தேறாது. அது இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

அவர் ஓட்டிய டேங்கருக்குக் கம்பெனியில் பூட்டுப் போட்டிருந்தார்கள். எவ்வளவு மிதித்தாலும் எண்பதுக்கு மேல் போகாது. ரோடு கண்ணுக்கு எட்டின மட்டும் நேராக இருக்கும், வண்டி எண்பதிலேயே போகும். அதைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை. அங்கே பயமெல்லாம் எதிரில் வருவதைப் பற்றித்தான். எதிரில் தூங்கிக்கொண்டே வருகிற டிரைவர். மணல் காற்றுக்குள் விளக்குப் போடாமல் வருகிற லாரி. நடு ரோட்டில் நின்று திரும்பிப் பார்க்கிற ஒட்டகம். அவரோடு ஒரே அறையில் படுத்த பரமக்குடிக்காரர் ஒருவர் அப்படித்தான் போனார். அந்த வண்டிக்கு இரண்டு வண்டி பின்னால் மச்சான் வந்துகொண்டிருந்தாராம். என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். “எதிர்ல வந்தவன் வந்துட்டான் மாப்ள.”

ஒரேயடியாகத் திரும்பி வந்த வருஷம், பதினோரு வருஷம் ஓடிய சிவப்புக் கார் ஒன்று வாங்கினார். சின்னக் கார், பெட்ரோல். அதில் ராமநாதபுரம் போனாலும் எண்பதுதான், மதுரை போனாலும் எண்பதுதான். முள் எண்பதைத் தொட்டதும் கால் தானே தளர்ந்துவிடும். பூட்டு வண்டியில் இல்லை, இவர் காலில்தான் மாட்டியிருக்கிறது என்று லாத்தா சொல்வாள்.

ஒரு பெருநாளைக்கு வந்திருந்த மருமகன்தான் பேச்சை எடுத்தார். சென்னைக்கு மேற்கே ஒரு ரேஸ் ட்ராக் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரண ஆட்களையும் சொந்தக் காரோடு உள்ளே விடுகிறார்கள். பந்தயம் இல்லை. முந்தினவன் பிந்தினவன் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அவரவர் வண்டியை அவரவர் முடிந்த வேகத்தில் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் போகும். மச்சான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

“எதிர்ல?”

“எதிர்ல யாரும் வர முடியாது மாமா. ஒரே பக்கம்தான்.”

“ஆடு மாடு?”

“சுத்தி வேலி.”

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, “அங்கன நம்ம வண்டிய விடுவாங்களா?” என்று கேட்டார்.

லாத்தாவுக்கு அது பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் பந்தயம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயம். திருவாடானை ரோட்டில் ஒரு எல்கை வைப்பார்கள். அதைத் தொட்டுத் திரும்பி முதலில் வருகிறவனுக்குப் பரிசு. எல்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். எல்கையே இல்லை, சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்றார் மச்சான். பரிசு அண்டாவா என்று கேட்டாள். பரிசும் இல்லை என்றார். “எல்கையும் இல்ல, பரிசும் இல்ல, சுத்திக்கிட்டே கெடக்கணும். அதுக்குப் பேரு செக்குங்க. அதுக்கு எதுக்கு மெட்ராசுக்குப் போகணும்?” என்றாள். மருமகனுக்குச் சோற்று வாயோடு சிரித்துப் புரையேற, அவளே தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். மச்சான் சிரிக்கவில்லை. மனதளவில் அவர் அப்போதே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

இரண்டு மாசம் இருந்தது. வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று மருமகன் போனில் ஒரு பட்டியல் அனுப்பினார். அவர் படிப்பார், மச்சான் எனக்குச் சொல்வார், நான் செய்வேன். பாதி எனக்குத் தெரிந்த வேலை. இந்தக் கரையில் வண்டிக்கு வருகிற நோயில் முக்கால்வாசி உப்பால் வருவது. அடியில் பிரேக் குழாயைச் சுரண்டினால் துரு செதில் செதிலாக வந்தது. முழுக் குழாயையும் மாற்றினேன். நாலு டயரும் புதுசு. முன் சக்கரத்து பிரேக் பேட் ராமநாதபுரத்தில் இல்லை, மதுரையில் இருந்து வரவழைத்தேன். இழுத்துப் போக முன்னால் கொக்கி மாட்டும் துளையில் திருகு மரை தின்றுபோயிருந்தது, அதை வெட்டிச் சரி செய்தேன். பேட்டரியை ஆட்டினால் ஆடியது, புதுப் பட்டை போட்டு இறுக்கினேன். எனக்குத் தெரியாத பாதியும் இருந்தது. நாம் டிக்கியில் மூட்டை ஏற்றி ஓட்டுகிறவர்கள், காற்றை இறுக்கி அடிப்போம். அங்கே ஓட ஓடச் சூட்டில் காற்று தானே ஏறுமாம், குறைத்து வைத்துத் தொடங்க வேண்டுமாம். ஓடி வந்து நிறுத்தினதும் கை பிரேக் போடக் கூடாதாம், சூட்டில் பிடித்துக்கொள்ளுமாம். கை பிரேக் போடாமல் வண்டியை விட்டு இறங்குவது மச்சானுக்கு முடியாத காரியம். இருபத்திமூன்று வருஷப் பழக்கம். வாசலில் நிறுத்தி நிறுத்தி அதை மறக்கப் பழகினார்.

ஆளும் தயாராக வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. கட்டை விரல் மூடிய ஷூ. அடிப்பாகம் மெல்லிசாக இருக்க வேண்டும், பெடல் காலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பருத்தியில் முழுக்கைச் சட்டை. ஹெல்மெட். முதல் நாள் நல்ல தூக்கம். மச்சானுக்குச் சர்க்கரை உண்டு. விடிகாலையில் ஃபஜர் தொழுதுவிட்டுக் கடற்கரை வரை நடக்க ஆரம்பித்தார், சோற்றைக் குறைத்தார். ட்ராக்கில் யாரோ ஓட்டி எடுத்த படம் போனில் இருந்தது. அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தார். பதினோரு திருப்பம். ஷெட் தரையில் எண்ணெய் ஊறிய மண்ணில் ஸ்க்ரூ டிரைவரால் அதை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊர்ப் பேரை வைத்தார். நீண்ட நேர் ரோட்டின் முடிவில் வருவது உப்பூர் வளைவு. அடுத்தடுத்து இடமும் வலமும் ஒடிவது தொண்டி பஸ் ஸ்டாண்ட். மெதுவாகப் போய்ச் சுருக்கென்று திரும்புவது திருவாடானை தேரடி. “தேரடியில அவசரப்பட்டா நேரா கோயிலுக்குள்ள போயிருவோம் மாப்ள” என்றார். இரண்டு மாசத்தில் அவர் சிரிக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது கடைசி வேலைக்கு வந்தோம். காரைக் காலி செய்வது, பிரேக் ஆயில் மாற்றுவது. மருமகனும் ஊருக்கு வந்திருந்தார். வண்டிக்குள் லூஸாக எதுவும் இருக்கக் கூடாது, திருப்பத்தில் பறக்கும் என்று மருமகன் சொன்னார். லாத்தாவின் மடியில் பை இருந்தது அதற்குத்தான். கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் மணி, அத்தர் பாட்டில், டிஷ்யூ டப்பா, பேத்தியின் பால் புட்டி, கால் விரிப்புகள், எல்லாம் அவளிடம் போயின. யாசீன் கிதாபைக் கொடுத்தபோது மட்டும் முகத்தைச் சுளித்தாள். “ஓதுறதையும் எறக்கச் சொல்றாங்களா?” என்று கேட்டாள். அதையும்தான் என்றார் மருமகன். வண்டிக்குள் மிச்சம் இருந்த லூஸான பொருள் எது என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பிரேக் ஆயில் மாற்றும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் சக்கரத்தில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவார். மிதித்தவர் காலை எடுத்த நேரத்தில் திறந்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். பிறகு பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. எங்கள் ஷெட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. கீழே இருப்பவன் “பிடி” என்பான். மேலே இருப்பவன் மிதித்து அழுத்தி, கெட்டியாகப் பிடித்த பிறகு “இருக்கு” என்பான். அந்த “இருக்கு” வராமல் கீழே இருப்பவன் ஸ்பேனரைத் திருப்பக் கூடாது. படுத்திருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. அந்த ஒரு வார்த்தைதான் கண்.

“பிடி” என்றேன். “இருக்கு” என்றார். திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூடினேன். மறுபடியும் “பிடி.” “இருக்கு.” ஒரு சொட்டு இல்லை. உப்புத் துருவில் நிப்பிள் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, ஊதி மாட்டினேன். “பிடி.” “இருக்கு.” இல்லை. ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் தயங்காமல், பழைய டிரைவரின் குரலில், இருக்கு என்றார். கடைசியில் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முன் கதவுப் பக்கம் போனேன்.

செருப்பு கழன்று, கவிழ்ந்து, பெடலுக்கு அடியில் சொருகிக் கிடந்தது. மச்சானின் வெறுங்கால் பெடலுக்குப் பக்கத்தில் வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது. தொடை நரம்பு புடைக்க மிதித்துக்கொண்டிருந்தார். கண் நேராகக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நிற்பதைப் பார்த்து, “இருக்கு மாப்ள, தொற” என்றார்.

நான் குனிந்து செருப்பை எடுத்தேன். அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். என் கையில் இருந்த செருப்பையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது வெட்கம். என்ன ஆச்சு என்று லாத்தா வாசலில் இருந்து கேட்டாள். “நிப்பிள் அடைப்பு” என்றேன். அன்று நான் சொன்ன முதல் பொய் அது. மருமகன் தொழுகைக்குப் போனார், லாத்தா சோறு ஆக்கப் போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

“எத்தன நாளா?”

“அங்கனயே ஆரம்பிச்சுருச்சு. கடைசி வருஷம். மொத வெரலு மரத்துச்சு, அப்பறம் பாதம்.”

“எப்புடி ஓட்டுறீங்க?”

“சத்தத்துல” என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் அமுங்குகிறது. உடம்பு முன்னால் சாய்ந்தால் பிரேக் பிடித்திருக்கிறது. ஓடுகிற வண்டியில் எல்லாம் பதில் சொல்லும். என் ஷெட்டில் இன்ஜினை நிறுத்தி, வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்தபோது அவருக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. பழக்கம்தான் “இருக்கு” என்று சொன்னது. அதை அவர் நம்பினார். இந்தக் காலோடு லாத்தாவையும் பேத்தியையும் வைத்துக்கொண்டு மதுரை வரை போய் வந்திருக்கிறார். லாத்தாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

“ஒரு நாளு மாப்ள. எதிர்ல ஒருத்தனும் வரமாட்டான். எவனுக்கும் ஒண்ணும் ஆகாது.”

“ஒங்களுக்கு?”

அவர் என் கையிலிருந்து செருப்பை வாங்கிக் காலில் மாட்டினார். நான் சரி என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பேசாதவன் என்று எனக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. பேசாமல் இருப்பது பல நேரம் சுலபமான வழி என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு கட்டையை அளவாக அறுத்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து, ஒற்றை ஆளாக நாலு சக்கரத்திலும் காற்றை எடுத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இன்னும் வேலை பாக்கி என்றேன். அது இரண்டாவது பொய்.

சனிக்கிழமை காலையில் நான்தான் ஓட்டினேன். நாளைக்கு நீங்கள் ஓட்ட வேண்டும், இன்றைக்குக் காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்றேன். கால் என்ற வார்த்தை வாயில் வந்ததும் இரண்டு பேரும் வெளியே பார்த்தோம். லாத்தா புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்து, துஆ ஓதி, அவர் தலையில் ஊதினாள். பிறகு என் தலையிலும் ஊதினாள். எனக்கு எதற்கு என்று அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே முப்பது நாற்பது கார் நின்றது. பெரிய பெரிய கார்கள், பளபளப்பானவை. நடுவில் எங்கள் சிவப்புக் கார், கதவோரம் உப்புத் துருவோடு. சோதிக்கிறவர் பேட்டரியை ஆட்டினார், சக்கரத்தைப் பிடித்து இழுத்தார், பேட்டைக் குனிந்து பார்த்தார். யார் வேலை செய்தது என்று கேட்டார். மச்சான் என்னைக் காட்டினார். சோதிக்கிறவர் கண்ணாடியில் ஒரு பச்சைத் தாள் ஒட்டினார். வண்டி தேறிவிட்டது.

பிறகு ஆளுக்கு ஒரு படிவம். இங்கிலீஷில் இருந்தது. மருமகன் தமிழில் வாசித்துச் சொன்னார். மயக்கம் உண்டா, வலிப்பு உண்டா, பார்வைக் கோளாறு உண்டா, கை கால் உணர்ச்சிக் குறைவு உண்டா. அவருக்குத் தெரியாது, அதனால் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டு போனார். ஒன்றும் இல்லை என்றார் மச்சான். கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். வேலையில் நான் எதையும் பாதியில் விட்டதில்லை. அந்த வேலையை விட்டேன்.

ஹெல்மெட் மாட்டி, பெல்ட் போட்டு வரிசையில் நின்றார். முன்னால் ஆறு கார். முதல் கார் கிளம்பிவிட்டது. என் கால் தானாக வண்டியின் பின்பக்கம் போனது. பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். “பிடிங்க மச்சான்.” “இருக்கு.” எரிந்தது. “விடுங்க. பிடிங்க.” இந்தத் தடவை விளக்கு எரியக் கொஞ்சம் நேரமானது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஹெல்மெட் குனிந்திருந்தது. காலைத் தேடிக்கொண்டிருந்தார். ஓடும்போது அப்படிக் குனிந்தால் உப்பூர் வளைவு எங்கே இருக்கும் என்று நினைத்தேன்.

“குனியாமப் பிடிங்க” என்றேன்.

ஹெல்மெட் நிமிர்ந்தது. நான் விளக்கையே பார்த்தேன். எரியவில்லை. முன்னால் இன்னொரு கார் கிளம்பியது. இன்ஜின் திடீரென்று உறுமியது, அடங்கியது. அவர் மிதித்தது ஆக்ஸிலேட்டர். நான் காத்திருந்தேன். இருக்கு என்று வரவில்லை.

“இல்ல மாப்ள” என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பதில் வந்தது அன்றுதான். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மருமகனுக்குக்கூடக் கேட்டிருக்காது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். அவரே பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “நீ ஓட்டு. நான் ரோடு சொல்றேன்” என்றார்.

மருமகன் ஓடிப்போய்ப் பேசினார். இன்னொரு டிரைவரைச் சேர்க்கலாம், பக்கத்தில் ஒருவர் ஹெல்மெட்டோடு உட்காரலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் போகச் சொன்னார்கள். என் லைசென்ஸ் சட்டைப் பையில் இருந்தது. காலில் ரப்பர் செருப்பு. ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். மச்சான் தன் ஷூவைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். அவருக்கு மருமகன் தன் ஷூவைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட் ஒன்று இரவல் வாங்கி வந்து, கொதிக்கிற சிமெண்டில் சாக்ஸோடு நின்றார். பெரிய கார்க்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். மூன்று ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொள்வதை அவர்கள் அங்கே பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் ரிப்பேர் செய்கிறவன், ஓட்டுகிறவன் இல்லை. வேலை முடிந்த வண்டியை உப்பூர் வரை கொண்டுபோய்த் திருப்புவதோடு சரி. மச்சான் இடப்பக்கம் உட்கார்ந்து பிஸ்மில்லா சொன்னார். முதல் சுற்று மெதுவாகப் போனோம். இரண்டாவதில் அவர் குரல் மாறியது. பஸ் ஸ்டாண்ட் வருது, எடம், வலம், விடு. தேரடி வருது, பொறு, பொறு, பிடி. “பிடி” என்று அவர் சொன்ன நொடியில் மிதித்தேன். கேட்காமலே என் வாயில் வந்துவிட்டது. “இருக்கு” என்றேன். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் “பிடி.” “இருக்கு.” ஒவ்வொரு சுற்றுக்கும் பதினோரு திருப்பம். ஒன்றைக்கூட அவர் முன்னாலோ பின்னாலோ சொல்லவில்லை. அந்தக் கால் தவிர மற்றதெல்லாம் அவரிடம் தயாராக இருந்தது. ஷூவின் மெல்லிசான அடிப்பாகத்தில் பெடல் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசிச் சுற்றில் நேர் ரோட்டுக்கு வந்தோம். “மிதி” என்றார். எண்பதைத் தாண்டும்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் முள்ளை ஒரு தடவை பார்த்தேன். அவர் முள்ளைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். “பாரு மாப்ள” என்றார். “ஒருத்தனும் வரல.” பிறகு உப்பூர் வளைவு வந்தது. பிடி என்றார். பிடித்தேன்.

வெளியே வந்து நிறுத்தினேன். என் கை பழக்கத்தில் கை பிரேக்குக்குப் போனது. அவர் அதைப் பிடித்துத் தடுத்தார். எவ்வளவு போச்சு என்று கேட்டார். சொன்னேன். தலையசைத்தார். ஊர் திரும்பினோம். வீட்டு வாசலில் சாவியை லாத்தாவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை.

அதற்கு இரண்டாவது வருஷம் வலது காலில் ஒரு ஆணி ஏறியது. அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது கணுக்கால் வரை கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் லாத்தாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னாலேயே தெரியும் என்று அவளிடம் சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் அவளே சொன்னாள். “நகம் வெட்டுறவளுக்குத் தெரியாதா தம்பி? ஒரு தடவ சதையோட வெட்டிட்டேன். அவரு பாட்டுக்குப் பேப்பரு படிச்சுக்கிட்டு இருக்காரு.” பிறகு, “அதான் ஒன்னய கூட அனுப்புனேன். நீ விடமாட்டன்னு தெரியும்” என்றாள். வரிசையில் ஆறு காருக்குப் பின்னால் அவர் போய் நிற்கும்வரை விட்டவன் நான். அதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. அவர் போய் மூன்று வருஷமாகிறது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நாள் தோன்றுகிறது. சொல்லாமல் எப்படி என்று இன்னொரு நாள் தோன்றுகிறது.

இப்போது கார் அடியில் படுத்தால் எழுந்திருக்க முதுகு விடுவதில்லை. பெடலை மிதிக்க யாராவது உட்காருவார்கள், வண்டிக்குச் சொந்தக்காரரோ பக்கத்துக் கடைக்காரரோ. பிடி என்கிறேன். இருக்கு என்கிறார்கள். நான் ஸ்பேனரைத் திருப்புவதில்லை. வலியோடு எழுந்து, முன் கதவுப் பக்கம் போய், அவர்கள் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலருக்கு எரிச்சல் வருகிறது. ஒரு வேலைக்கு இரண்டு வேலையாகிறது.

அவரைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பு இருந்தது. நீல வார், இடது கால். அதன் ஜோடி இல்லை. நான் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வரச் சொன்னார். அவருக்குத் தெரிந்ததுதான், ஒவ்வொரு தடவையும் கேட்பதுதான்.

“அன்னைக்கு எவ்வளவு போச்சு மாப்ள?”

நூற்று இருபத்தொன்று.